அளவு ஃபில்டர்

என் வீட்டுக்காரர் பாண்டுரங்கனுக்கு எண்ணெயைப் பற்றித் தெரியாதது இந்த உலகத்தில் ஒன்றும் இல்லை. நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் மில் வைத்து இருபது வருஷம் நடத்திய மனுஷர். ஒரு சொட்டை விரலில் தொட்டு முகர்ந்துவிட்டு, எந்த ஊர்க் காய் என்று சொல்லிவிடுவார். அதெல்லாம் சரிதான். அந்த விரலைக் கொண்டுபோய் அம்பாசிடருக்குள் விட்டாரே, அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது.

அது எண்பத்து நாலாம் வருஷம். ஆடி மாசம் பிரம்மதேசத்தில் என் அக்கா வீரம்மாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, கால் உடைந்து படுத்துவிட்டாள். எங்கள் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல்தான். காரில் கூட்டிப் போங்கள் என்றால், மில்லுக்கு லோடு வருகிறது என்பார். சரி, பஸ்ஸிலே போகிறேன் என்றால், "மில்லுக்காரன் பொண்டாட்டி பஸ்ஸுல தொங்கிக்கினு போனா என் மானம் இன்னாத்துக்கு ஆவறது?" என்பார். ஆக, காரும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. ஆடியிலிருந்து தை வரைக்கும் இரண்டே தடவைதான் அக்கா முகத்தைப் பார்த்தேன். முதல் மாசமே வந்த ஆத்திரத்தில்தான் மில் லாரி டிரைவர் சின்னதுரையைப் பிடித்து, காய் உலர்த்தும் களத்திலேயே கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

முதல் டெஸ்ட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தை இடித்து ஃபெயில். இரண்டாவது டெஸ்ட் விழுப்புரத்தில், தை மாசம் ஒரு வியாழக்கிழமை. என் எல்.எல்.ஆரும் அன்றோடு முடிகிறது. என் வீட்டுக்காரர் கண்டிஷன் போட்டுவிட்டார்.

"இந்தத் தபா பாஸ் ஆவலன்னா ஸ்டியரிங்க மறந்துடணும், தையலு."

என் முழுப் பெயர் தையல்நாயகி. அது ரேஷன் கடையில் மட்டும்தான் அவர் வாயிலிருந்து வரும். சரி என்று தலையாட்டினேன். அக்காவை நினைத்தபோது பார்க்க முடியுமா, முடியாதா என்பது அந்த ஒரு நாளில் இருந்தது.

கார் டெஸ்ட்டுக்குப் போகிறதே, ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றிவிடலாம் என்று அவருக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. மெக்கானிக்கிடம் விட்டால் முடிந்தது. ஆனால், "வடிகட்டறதப் பத்தி அவன் எனக்குச் சொல்லித் தரப் போறானா?" என்று பஜாருக்குக் கிளம்பிவிட்டார். ஒரு கடையிலிருந்து மூன்று தினுசு ஃபில்டரை, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தார். மில் முதலாளி கேட்டால் யார் இல்லை என்பார்கள்?

அப்புறம் நடந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். மூன்று ஃபில்டரையும் மூன்று பாத்திரத்தின் மேல் நிறுத்தி, அடி ஓட்டையைத் துணியால் அடைத்து, அன்றைக்கு ஆட்டிய மல்லாட்டை எண்ணெயை நடுக்குழியில் ஊற்றினார். முழங்காலைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். எது மெதுவாகச் சொட்டுகிறதோ, எதில் இறங்கிய எண்ணெய் அதிகமாகத் தெளிந்திருக்கிறதோ, அதுதான் உசத்தி. மில்லில் வடிகட்டும் துணியை அவர் தேர்ந்தெடுப்பது இப்படித்தான்.

"ஏங்க, பழைய ஃபில்டர பக்கத்துல வெச்சு அளவு பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"அளவா முக்கியம்? தெளிவப் பாரு, தெளிவ!"

அவர் தேர்ந்தெடுத்தது பழசைவிட ஒரு விரற்கடை உயரம். டிராக்டருக்கோ எதற்கோ செய்தது. ஃபில்டரை மூடுகிற கிண்ணம் உட்கார மாட்டேன் என்றது. அதற்கும் ஐயாவிடம் வழி இருந்தது. பழைய ரப்பர் வளையத்தின் மேலேயே இன்னொரு வளையத்தை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரால் முறுக்கினார். உட்கார்ந்துவிட்டது. மற்ற இரண்டு ஃபில்டரையும் எண்ணெய் வடிய வடியத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் முகம் எப்படி இருந்ததோ, எனக்குத் தெரியாது.

பழைய ஃபில்டரைக் குப்பையில் எறிந்தார். நான் அதை எடுத்து, பேப்பரில் சுற்றி, டிக்கியில் வைத்தேன். "அத்த எதுக்குடி மூட்டை கட்டற?" என்று சிரித்தார். அளவு ரவிக்கை கொடுக்காமல் டெய்லரிடம் துணி கொடுக்கிற பெண் எங்கள் ஊரில் உண்டா? அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்கிற காதா அது?

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு எல் போர்டு மாட்டிக்கொண்டு நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். கூட்டேரிப்பட்டு தாண்டியது. விக்கிரவாண்டி வரப் போகிற நேரத்தில், எனக்கு எதிரே ஆயில் லைட் சிவப்பாக எரிந்தது.

"அது சும்மா மினுக்கும். நீ போ."

"மினுக்கலீங்க. எரியுது."

"டெஸ்ட்டுக்கு டைம் ஆவுதில்ல? ஜல்தி போன்னு சொல்றேன்!"

டைம் அவருக்கா ஆகிறது, எனக்கல்லவா? போய்விடலாமா என்று எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இஞ்சினே போய்விட்டால் லைசென்ஸை வைத்துக்கொண்டு பிரம்மதேசத்துக்கு நடந்தா போவேன்? ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்தேன்.

இறங்கிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் ரோட்டில் கறுப்புக் கோடு. அவர் மேலே வைத்த வளையம் பிதுங்கி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மனுஷர் குனிந்து, சொட்டுவதை விரலில் தொட்டு முகர்ந்தார். பழக்கம்! எந்த ஊர்க் காய் என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அழுகையும் வந்தது. அதையும் அடக்கிக்கொண்டேன்.

டிக்கியைத் திறந்து என் பேப்பர் மூட்டையை எடுத்தேன். தூரத்தில் விழுப்புரம் பஸ் வந்துகொண்டிருந்தது. கையை நீட்டினேன்.

"பஸ்ஸுலயா போற? ஏ தையலு, என் மானம்..."

"அது காருலயே இருக்கட்டும். பத்திரமா பாத்துக்கினு இருங்க," என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

விழுப்புரத்தில் அமலதாஸ் என்பவருடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை. மேஜை மேல் பழைய ஃபில்டரை வைத்தேன். அவர் சந்தோஷமாக என்னைப் பார்த்தார்.

"பழச கொண்டாந்தீங்களே, அதுவே பாதி வேலை முடிஞ்சிச்சும்மா. அம்பாசிடர்தானே? பெட்ரோலா, டீசலா?"

"பெட்ரோலுங்க."

உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்து, பழசின் பக்கத்தில் நிறுத்தினார். ஒரே உயரம், ஒரே அகலம், ஓட்டையும் ஒன்றே. பெட்டிக்குள் புது ரப்பர் வளையம் ஒன்று இருந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"பழைய வளையத்த ஊசியால கெல்லி எடுத்துட்டுப் புதுச போடுங்க. ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு போட்டா இப்படித்தான் பிதுங்கும். யாரும்மா மாட்டுனது?"

"எண்ணெயப் பத்தி எல்லாந் தெரிஞ்ச ஒருத்தருங்க."

"மாதாவே!" என்று அவர் ஆயில் டின்னையும் எடுத்து வைத்தார்.

திரும்பி வந்தபோது இஞ்சின் ஆறியிருந்தது. நானே கழற்றினேன். ஊசி கிடைக்கவில்லை, என் கொண்டை ஊசியால் பழைய வளையத்தைக் கெல்லி எடுத்தேன். புதுசை வைத்தேன். கிண்ணம் முதல் தடவையிலேயே போய் உட்கார்ந்தது. அவர், அதிசயமாக, நான் சொன்ன அளவுக்கு ஆயிலை ஊற்றினார். ஸ்டார்ட் செய்தேன். சிவப்பு லைட் அணைந்தது. கீழே ஒரு சொட்டு இல்லை.

விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. டெஸ்ட் எடுக்கிற இன்ஸ்பெக்டர் பையோடு சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முழங்கை வரை கறுத்திருந்த என் கையைப் பார்த்து நின்றார்.

"இன்னாம்மா இது கோலம்?"

சொன்னேன்.

"லைட் எரிஞ்சப்புறம் எவ்ளோ தூரம் ஓட்டுனீங்க?"

"ஓட்டலீங்க சார். ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டேன்."

"பக்கத்துல இருந்தவரு ஒண்ணும் சொல்லலியா?"

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அங்கிருந்த வேப்ப மரத்தின் உச்சியை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மானத்தை வாங்குவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? ஆனாலும் மனசு வரவில்லை.

"அவருதாங்க நிறுத்தச் சொன்னாரு."

இன்ஸ்பெக்டர் பையை மறுபடி கீழே வைத்துவிட்டு, வண்டியை எடுக்கச் சொன்னார். ரிவர்ஸில் அந்தக் கம்பத்தை நான் தொடக்கூட இல்லை. பாஸ்!

திண்டிவனம் வந்ததும், மில்லுக்குப் போகிற வழியை விட்டுவிட்டு மரக்காணம் ரோட்டில் திருப்பினேன்.

"மில்லு அந்தாண்ட இல்ல?"

"தெரியுங்க."

"லோடு வருது."

"எறங்கிக்கோங்க. பஸ் வரும்."

அவர் இறங்கவில்லை. பெருமுக்கல் மலை தெரிந்தது. அப்புறம் மெதுவாக, "உங்கக்காவ வெறுங்கையோடவா போய்ப் பாக்கறது? நிறுத்து," என்று இறங்கிப் போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தார்.

ஹாரன் சத்தம் கேட்டு, அக்கா கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நான் ஸ்டியரிங் பக்கமிருந்து இறங்குவதைப் பார்த்து வாய் பிளந்தாள்.

"யாருடி ஓட்டிக்கினு வந்தது?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"உன் தங்கச்சிதான். ஃபில்டர் மட்டும் நாந்தான் பாத்து மாட்டிக் குடுத்தேன்."

நான் மறுக்கவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்தக் கறுத்த கையோடேயே அக்காவைக் கட்டிக்கொண்டேன். ஆறு மாசத்தில் அது மூன்றாவது தடவை.