டப்ளினில் வாங்கிய பட்டம்

நகரசபை புதிதாகக் கட்டிய பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியை வேண்டும் என்று விளம்பரம் வந்திருந்தது. நேர்காணலுக்கு வந்தவர்களில் கடைசியாக உள்ளே போனவள் ஹெஸ்டர் பிரம்லி. வயது நாற்பத்தொன்று. லீட்ஸில் கணக்குச் சொல்லிக் கொடுத்தே பாதித் தலை நரைத்தவள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கமிட்டிக்காரர்கள் எல்லோரும் ஆண்கள். நடுவில் கம்பளி ஆலை முதலாளி ஜோசையா ஆக்ராய்டு. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"மிஸ் பிரம்லி, நீங்க கேம்பிரிட்ஜ்ல படிச்சவங்க."

"ஆமா."

"கணக்குல பரீட்சை எழுதித் தேறியிருக்கீங்க."

"முதல் வகுப்பு."

"அப்புறம் உங்க பேருக்குப் பின்னால ஒண்ணையும் காணோமே? உங்களுக்கு முன்னால வந்துட்டுப் போனாங்களே, அந்தம்மா லண்டன்ல பி.ஏ. அவங்க பேருக்குப் பின்னால ரெண்டு எழுத்து இருக்கு."

"கேம்பிரிட்ஜ்ல பெண்களுக்குப் பட்டம் தர்றதில்ல, மிஸ்டர் ஆக்ராய்டு."

"தேறினாக்கூடவா?"

"தேறினாக்கூட. தேறினோம்னு ஒரு சான்றிதழ் தருவாங்க. அவ்வளவுதான்."

ஆக்ராய்டு பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். தன்னைக் கேலி செய்கிறார்களோ என்ற சந்தேகம் அவருக்கு. "என் ஆலையில பாதிப் பேர் பொம்பளைங்கதான் நெய்யிறாங்க. நெய்தது பொம்பளைங்கிறதுக்காகத் துணியில ஆலை முத்திரை குத்தாம அனுப்பினேன்னு வைங்க, வாங்குறவன் என்னைப் பைத்தியக்காரன்னு சொல்லுவான்."

"அங்க அதுக்கு மரபுன்னு பேரு."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பாருங்கம்மா, எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. மத்தவங்க யாரும் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. ஆனா வரி கட்டுற ஜனங்களுக்கு நான் பதில் சொல்லணும். பள்ளிக்கூடம் திறக்கறது செப்டம்பர்ல. அதுக்குள்ள எங்கயாவது போய் ரெண்டு எழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. வேலை உங்களுக்குத்தான்."

சந்தையில் போய் வெங்காயம் வாங்கி வரச் சொல்வதுபோல அவர் சொன்னார். ஆனால் 1905-ஆம் வருஷத்தில் அப்படி வாங்கி வர ஓர் இடம் இருக்கத்தான் செய்தது.

டப்ளின், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் மூன்றுக்கும் நடுவே சம்பந்தி முறை மாதிரி ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஒன்றில் தேறியவருக்கு மற்றொன்று அதே பட்டத்தைப் பரீட்சை வைக்காமலே தரும். 1904-இல் டப்ளின் தன் கதவைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. உள்ளூர்ப் பெண்களுக்குத் திறந்த கதவில் அந்தப் பழைய ஏற்பாட்டைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்துப் பெண்களும் நுழையலாம் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து, பரீட்சையில் தேறியும் வெறுங்கையோடு வீடு திரும்பிய டீச்சர்மார்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். ஊரில் அவர்களுக்கு 'நீராவிக் கப்பல் சீமாட்டிகள்' என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள். ஹெஸ்டரும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். சுற்றிக்கொண்டு போய்க் கொல்லைப்புறமாக நுழைவது அவளுக்குப் பிடிக்காது. ஆனால் அந்தப் பள்ளி அவளுக்கு வேண்டும். வெள்ளையடித்த வாசனை போகாத அந்த வகுப்பறைகளை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவள் நேர்காணலுக்கே போயிருந்தாள்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட தம்பி கிளெமென்ட், "கடல்ல நீ தனியாப் போறது சரியில்ல, நானும் வர்றேன்" என்று தந்தி அடித்தான்.

கிளெமென்ட் நார்ஃபோக்கில் ஒரு சின்னக் கிராமத்துப் பாதிரியார். அக்காவுக்கு இரண்டு வயது இளையவன். அவனும் கேம்பிரிட்ஜில் படித்தவன்தான். தாத்தாவும் அப்பாவும் இருந்த அதே கல்லூரி, அதே மாடிப்படி, ஆற்றைப் பார்த்த அறை. ஹெஸ்டர் இருந்ததோ ஊருக்கு வெளியே செங்கல் மணம் போகாத பெண்கள் கல்லூரியில். ஆசிரியர்களிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, துணைக்கு ஒரு கிழவியை உட்கார வைத்துக்கொண்டு விரிவுரை கேட்பாள். விடுமுறைகளில் தம்பிக்கு அவள்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். தலைகீழாக நின்று சொல்லிக் கொடுத்தும் அவன் மூன்றாம் வகுப்பில் முக்கித் தேறினான். அவனுக்குப் பி.ஏ. கிடைத்தது. சில வருஷம் கழித்து, உயிரோடு இருந்ததற்காக என்று அவனே சொல்லிச் சிரிப்பதுபோல, பரீட்சை எதுவும் இல்லாமல் எம்.ஏ.வும் வந்து சேர்ந்தது. எம்.ஏ. வாங்கியவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் ஓட்டு உண்டு.

அந்த ஓட்டுதான் இருவருக்கும் நடுவே கிடந்தது. 1897-இல் பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று ஓட்டெடுப்பு வைத்தபோது, எதிர்ப்பவர்களுக்காகத் தனி ரயில்கள் விட்டார்கள். நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் பாதிரியார்களும் வக்கீல்களும் வந்து இறங்கினார்கள். சைக்கிள் ஓட்டும் பெண் போல ஒரு பொம்மை செய்து மாணவர்கள் தெருவுக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் கிளெமென்ட்டும் ஒருவன். அதை அவன் மறைக்கவும் இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் வாத்துக்கறியை அறுத்துக்கொண்டே, "உன்னை நினைச்சுப் போடல ஹெட்டி, இது கொள்கை" என்றான். "உப்பை இந்தப் பக்கம் தள்ளு" என்றாள் ஹெஸ்டர். அதன் பிறகு எட்டு வருஷமாக இரண்டு பேரும் வானிலையைப் பற்றியும் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள்.

டப்ளின் கப்பல் புறப்படும் ஹாலிஹெட் துறைமுகத்தில் அவன் பெட்டியோடு நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. "நீ எதுக்குடா வர்ற? வழியில கப்பலைத் திருப்பிவிடவா?"

"பேப்பர்ல புயல்னு போட்டிருந்தான். ஒத்தாசையா இருக்கலாமேன்னு வந்தேன்."

யாருக்கு யார் ஒத்தாசை என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துபோனது. கப்பலில் பட்டம் வாங்கப் போகும் பெண்கள் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். கிளெமென்ட் மட்டும் பச்சைப் புல் நிறமாகிப் பெஞ்சில் சாய்ந்துவிட்டான். தாவரவியல் படித்த ஒருத்தி இஞ்சி கொடுத்தாள். கிரேக்கம் படித்த ஒருத்தி காலர் பொத்தானைக் கழற்றிவிட்டாள். "பாவம், யாரோட புருஷன்?" என்று கேட்டாள் ஒரு குண்டுப் பெண்மணி.

"புருஷன் இல்ல, என் தம்பி" என்றாள் ஹெஸ்டர். "கேம்பிரிட்ஜ் எம்.ஏ."

"அடடே! தொண்ணூத்தேழுல நமக்கு ஓட்டுப் போட்டவரா?"

கிளெமென்ட் கண்ணை மூடிக்கொண்டான். குண்டுப் பெண்மணிக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கொண்டுவந்த போர்வையைத் திருப்பி எடுத்துப் போகாமல் அவன் காலில் போர்த்திவிட்டுத்தான் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் மெதுவாகப் பேசினான். "நான் ஏன் எதிர்த்துப் போட்டேன்னு நீ கேட்கவே இல்லையே ஹெட்டி."

"கொள்கைன்னு சொன்னியே."

"கொள்கைன்னு ஒண்ணு இருந்தது. ஆனா ரயில்ல போறப்ப நான் அதை நினைக்கல. வீட்டுல எல்லாத்துலயும் நீதான் முந்தி. லத்தீன்ல நீ, கணக்குல நீ, கிரிக்கெட்லகூட நீ எறிஞ்ச பந்துல நான் அவுட். என்கிட்ட இருக்கறதுல உன்கிட்ட இல்லாதது அந்தப் பட்டம் ஒண்ணுதான்." மேலே சொல்ல வந்தவன், எழுந்து பாத்திரத்தைத் தேடினான்.

ஹெஸ்டர் பாத்திரத்தைப் பிடித்தாள். அவன் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தபோது, எட்டு வருஷமாக மனசுக்குள் திருத்தித் திருத்தி எழுதி வைத்திருந்த பேச்சு முழுவதும் அவள் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அருமையான பேச்சு. ஒரு வாக்கியம்கூடப் பிசகாதது. ஆனால் அவன் முதுகு எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. அம்மை போட்டுக் கிடந்த ஐந்து வயதிலும் அவன் இப்படித்தான் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"வாயைக் கொப்பளி" என்றாள். "இன்னும் கரை வரல."

மறுநாள் விழா. பி.ஏ.வும் எம்.ஏ.வும் ஒரே நாளில். அங்கிகளை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஹெஸ்டருக்கு வந்தது ஆறடி ஆளுக்குத் தைத்தது. தரையைக் கூட்டிக்கொண்டு போயிற்று. மாடத்தில் உட்கார்ந்திருந்த டப்ளின் மாணவர்கள் விசில் அடித்தார்கள். "அம்மா, பாத்து! தடுக்கிடப் போகுது!" என்று ஒருவன் கத்தினான். தனக்கு இது ஒரு பொருட்டே இல்லை, வேலைக்காக வாங்கும் காகிதம் என்றுதான் அதுவரை ஹெஸ்டர் நினைத்திருந்தாள். மேடையில் பட்டம் வழங்கிய பல்கலைக்கழகப் பெரியவர் அவள் கையைப் பிடித்து லத்தீனில் சொல்லத் தொடங்கியதும் அந்த நினைப்பு நழுவிப்போனது. அந்த வாக்கியத்தின் இலக்கணம் அவளுக்கு நன்றாகவே தெரியும். தன் பெயர் அதற்குள் பொருந்தி உட்காரும் என்று மட்டும் அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. இருபது வயதில் கேட்டிருக்க வேண்டிய வார்த்தைகள். அழுகை வந்தது, அங்கியின் கை நீளமாக இருந்தது வசதியாகப் போயிற்று.

பெரியவர் முடிப்பதற்கு முன்பே கூடத்தின் பின்னால் யாரோ ஒற்றை ஆளாகக் கை தட்டினார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிளெமென்ட் காது சிவக்க நின்றான். பக்கத்தில் இருந்த மாணவன், "உங்க வீட்டம்மாவா சார்?" என்று கேட்டானாம். "என் அக்கா. எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவ. அதுல தோத்துட்டா" என்றானாம் இவன். இதைக் குண்டுப் பெண்மணிதான் திரும்பி வரும் கப்பலில் ஹெஸ்டரிடம் சொன்னாள்.

வேலை கிடைத்தது. ஆக்ராய்டு சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் பள்ளி வாசலில் 'மிஸ் ஹெஸ்டர் பிரம்லி, எம்.ஏ., டப்ளின்' என்று பலகை மாட்டியதும் ஊரில் புகைச்சல் கிளம்பியது. புதுத் தலைமையாசிரியை ஐரிஷ்காரியாம், கத்தோலிக்கச்சியாம், பிள்ளைகளை மதம் மாற்ற வந்திருக்கிறாளாம். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் ஆக்ராய்டே எழுந்து நின்றார்.

"அந்தம்மா நார்ஃபோக் பாதிரியாரோட அக்கா. டப்ளின்ல அவங்க இருந்தது ஒரே ஒரு நாள்தான். போதுமா?"

போதவில்லை. "ஒரே நாள்ல பட்டமா?" என்று பின் வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

"மூணு வருஷம் கேம்பிரிட்ஜ்! ஒரு நாள் டப்ளின்!" ஆக்ராய்டுக்கு மூச்சு வாங்கியது. "சமைச்சது ஒரு வீடு, பரிமாறினது ஒரு வீடு. ஏன்னு என்னைக் கேக்காதீங்க, எனக்கே விளங்கல!"

சில வருஷத்தில் அந்தப் பள்ளியில் படித்து முடித்த பெண்கள் மேல்படிப்புக்கு வெளியூர் போகத் தொடங்கினார்கள். பெரும்பாலும் மான்செஸ்டர், லண்டன். தறி மேஸ்திரி மகள் ஒருத்தி மட்டும் பிடிவாதமாகக் கேம்பிரிட்ஜ்தான் வேண்டும் என்றாள். "பட்டம் தரமாட்டாங்கன்னு தெரியுமில்ல?" என்று ஹெஸ்டர் கேட்டாள். "அதெல்லாம் நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள மாறிடும் மிஸ்" என்றாள் அந்தப் பெண். ஹெஸ்டர் அவளுக்கு விண்ணப்பம் வரவழைத்துக் கொடுத்தாள்.

மாறவில்லை. பெரிய யுத்தம் வந்தது, முடிந்தது. பெண்கள் நாட்டுத் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டுகூட இறங்கி வந்து பட்டம் கொடுத்தது. 1920 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் மறுபடியும் ஓட்டெடுப்பு வைத்தது. ஹெஸ்டர் கிளெமென்ட்டுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டு வாங்கும் ஓட்டு தனக்கு வேண்டாம் என்று இருந்துவிட்டாள்.

ஓட்டெடுப்புக்கு மறுநாள் சாயங்காலம், பனிமூட்டத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் அவன் வந்து வாசலில் நின்றான். ஐம்பத்தைந்துக்கு அறுபத்தைந்து சொல்லலாம் போல ஆகியிருந்தான். தொப்பியைக் கழற்றாமலே சொன்னான்:

"தோத்துட்டோம், ஹெட்டி."

தோற்றதைவிட அந்த 'ட்டோம்' என்ற ஓசைதான் அவள் காதில் நின்றது.

"எத்தனை வித்தியாசம்?"

"இருநூறுக்குக் கொஞ்சம் கீழ."

"போன தடவை ஆயிரத்துக்கு மேல" என்றாள். "பனியில நிக்காதே, உள்ள வா. கல்லூரியில சாப்பிட்டுத்தானே வந்திருப்பே?"

"எங்க சாப்பிட்டேன்! நான் எந்தப் பக்கம் போட்டேன்னு தெரிஞ்சதும் பக்கத்துல இருந்தவன் தட்டைத் தூக்கிட்டு வேற மேசைக்குப் போயிட்டான். கூடவே படிச்சவன். முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம். எனக்கும் இறங்கல, எழுந்து வந்துட்டேன்."

ஹெஸ்டர் அவன் மேல்கோட்டை வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் காயப் போட்டாள். மதியம் வைத்த ஆட்டுக்கறிச் சாறு மிச்சம் இருந்தது. அதைச் சூடு பண்ணி ரொட்டியோடு அவன் முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, யார் யார் வந்தார்கள், யார் என்ன பேசினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.