தறிச் சத்தத்துக்குள்ள அம்மா

எங்க அறிவியல் டீச்சர் பூங்குழலி, எட்டாம் வகுப்புல மூளையப் பத்தி நடத்துனாங்க. ஒடம்புக்கு நோய் வர்ற மாதிரி மூளைக்கும் வரும், சிலருக்கு யாரும் பேசாமயே குரல் கேக்கும், அவங்களுக்கு அது நெசமாவே கேக்கும், பேயுமில்லை பிசாசுமில்லை, மாத்திரை இருக்குதுன்னாங்க. புள்ளைங்கெல்லாம் சிரிச்சுதுங்க. எனக்குப் பத்திட்டு வந்துது. இதுல என்ன இளிப்பு வேண்டிக் கெடக்குது?

சோமனூர்ல விசைத்தறி ஓடற ஊட்டுல, அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். பாதி ஒதட்டப் பாத்தே புரிஞ்சுக்குவோம். அதனால எங்கம்மா மருதாள் தறிகிட்ட நின்னு வாயசைச்சா, அந்தப் பக்கம் யாருக்கோ பதில் சொல்லுதுன்னுதான் நெனச்சேன். அந்தப் பக்கம் யாருமே இல்லைன்னு தெரியறதுக்கு ரொம்ப நாளாச்சு. எங்கப்பா வெள்ளியங்கிரிக்கு முன்னமே தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிருமாம். ஊட்டுக்கு யாராச்சும் வந்தாப் போதும், அம்மா பேசறது கேக்காம இருக்க நிக்கற தறியவும் சேத்து ஓட்டி உட்டுருவாரு. நல்ல வைத்தியம் போங்க.

பாடம் முடிஞ்சதும் டீச்சர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலமே ஊட்டுக்கு வந்துட்டாங்க. அப்பா வழக்கம்போல எல்லாத் தறியவும் போட்டு உட்டாரு. டீச்சர் வாசப்படியில நின்னு அம்மாவப் பத்தித் தொண்ட கிழியக் கேட்டாங்க. அவரு காதத் தொட்டுக் காட்டிச் சிரிக்கறாரு, ஒண்ணும் கேக்கலீங்களாம். பொறந்ததுல இருந்து தறிக்குள்ளயே கெடக்கற மனுசனுக்கு!

டீச்சர் சலிச்சுப்போயித் திரும்புனாங்க. உட்டா அம்மா கதி அவ்வளவுதான்னு எனக்குப் பயமாப் போச்சு. ஓடிப்போயி மெயின் சுச்ச எறக்கிட்டேன்.

தறியெல்லாம் நின்னுது. அம்மா பேச்ச நிறுத்தலை. நூலப் பாத்துட்டே கெஞ்சிட்டிருந்துது.

"எம்புள்ளைய ஒண்ணும் பண்ணீராதீங்க சாமி. தரணி சின்னப் புள்ளைங்க. அவளுக்குப் பதிலா நானே வந்தர்றனுங்க. எப்ப வரோணுமுன்னு மட்டும் சொல்லுங்க."

என்னைய அடிக்கக் கையோங்கிட்டு வந்த அப்பா அப்படியே நின்னுட்டாரு.

"பக்கத்துலயேதான் நின்னு ஓட்டறனுங்க டீச்சர். என்ன பேசுதுன்னு ஒரு நாளும் கேட்டதில்லீங்க" ன்னாரு.

காலையில ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம், நானும் வர்றேன்னாங்க டீச்சர். அப்பா தலையாட்டுனாரு. நாங் கிட்டப்போயி அம்மா கையப் புடிச்சுட்டு, எனக்கு ஒண்ணும் ஆகலைம்மா, இங்கதான் இருக்கறேன்னு சொன்னேன்.

அம்மா என்னைய ஏறிட்டுக்கூடப் பாக்கலை.

"சித்த நேரம் சும்மா இரு கண்ணு. அவங்க இன்னும் பதில் சொல்லலை."