மூன்று தீற்றல்கள்

என் நாத்தனார் க்ளெமான்ஸ் படம் வரைய எங்கள் சாப்பாட்டு அறையைத்தான் பிடித்துக்கொண்டாள். பதினோரு மணி வெயில் அங்கேதான் நன்றாக விழுமாம். என் ஆறு வயது மகள் ஓதில் ஜன்னலருகே உட்கார்ந்து, சூடான சாக்லேட்டில் ரொட்டியைத் தோய்த்துத் தின்பதுதான் படம்.

"அசையாம உட்காருடி!" என்று அதட்டினேன்.

"விடுங்க அண்ணி, ஆடட்டும். வெயில் மட்டும் என்ன, எனக்காக நின்னுக்கிட்டா இருக்கு?" என்றாள் க்ளெமான்ஸ்.

நான்கே காலைகளில் முடித்துவிட்டாள். மேசைவிரிப்பின் மடிப்புகள் நீலமாய் மின்னின. ஓதிலின் முகம் மட்டும் மூன்றே தீற்றல்கள்: ரோஜா, மஞ்சள், பழுப்பு.

என் கணவர் பெர்னான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "ஏம்மா க்ளெமான்ஸ், என் பொண்ணோட மூக்கு எங்க? ரொட்டியோட சேர்த்துத் தின்னுட்டாளா?"

"நான் தின்னலப்பா! இதோ இருக்கு!" என்று ஓதில் தன் மூக்கைப் பிடித்துக் காட்டிச் சிரித்தாள்.

அந்த வாரம் பள்ளிக்குப் புகைப்படக்காரர் வந்தார். அத்தை வரைந்த படம் இருக்கும்போது புகைப்படம் எதற்கென்று, வேண்டாம் என எழுதி அனுப்பியது நான்தான்.

பத்தாம் நாள் ஓதிலுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. ஐந்து நாள்கூடத் தாங்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் படத்தை க்ளெமான்ஸ் முன்னால் வைத்தேன். "கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் போட்டுக் குடு. எனக்கு அவ முகம் வேணும்."

"வேணாம் அண்ணி. கண்ணால பார்க்கறதைத்தான் எனக்குப் போட வரும். எதிர்ல அவ இல்லாம எப்படி?"

"வரலையா, இல்ல மனசில்லையா?"

அவள் தூரிகையை எடுத்தாள். ஒரு மணி நேரத்தில் நீலக் கண்களும் திருத்தமான மூக்கும் வந்துவிட்டன. மிட்டாய்ப் பெட்டியில் அச்சடித்த பொம்மைக் குழந்தை. அப்படி ஒருத்தி எங்கள் வீட்டில் பிறக்கவே இல்லை.

"யார் இது?" என்று கத்திக்கொண்டே, தூரிகை துடைக்க க்ளெமான்ஸ் டர்பன்டைனில் நனைத்து வைத்திருந்த துணியை எடுத்து அழுத்தித் துடைத்தேன்.

"அண்ணி! அடியில முதல்ல போட்டதும் இன்னும் காயலை!"

அவள் என் கையைப் பிடித்தபோது முகம் இருந்த இடத்தில் வெறும் கித்தான் நூல்கள்தான் தெரிந்தன.

பெர்னான் அந்தப் படத்தைச் சாப்பாட்டு அறையிலேயே மாட்டியிருக்கிறார். கிண்ணம் இருக்கிறது, ரொட்டி பிடித்த கை இருக்கிறது. துணியை என் தையல் பெட்டியில் வைத்திருக்கிறேன். சில நாட்களில் ஜன்னலருகே எடுத்துப்போய் விரித்துப் பார்ப்பேன். எந்த நிறம் அந்தப் பொம்மையுடையது, எது என் ஓதிலுடையது என்று இதுவரை பிரிக்கத் தெரியவில்லை.