மஞ்சளிலேயே நின்ற பெயர்

இராஜமாணிக்கத்தைக் காலையிலேயே அறுவை அரங்குக்குள் கொண்டு போய்விட்டார்கள். பைபாஸ். வெளியே காத்திருக்கும் கூடத்தில் அவர் மனைவி அன்னம்மாளும் மகள் இளவேனிலும் உட்கார்ந்திருந்தார்கள். அன்னம்மாளுக்குத் திருப்பத்தூரைத் தாண்டினால் எல்லாமே அந்நியம். இளவேனில் வைட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்ப்பவள். ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்தில் இருந்த இந்தத் தனியார் மருத்துவமனையைத் தேடிப் பிடித்ததும் அவள்தான். இதன் கணினி வேலைகளை அவளுடைய கம்பெனிதான் செய்து கொடுத்திருந்தது. ஏதாவது ஒன்று என்றால் பேசத் தெரிந்த ஆள் இருப்பார்கள் என்று நினைத்தாள்.

கூடத்தின் நடுச்சுவரில் பெரிய திரை. அதில் நோயாளிகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் வரிசையாக இருந்தன. பெயருக்குப் பின்னால் மஞ்சள் இருந்தால் அறுவை நடக்கிறது. பச்சை ஆனால் முடிந்துவிட்டது, உள்ளே போய்ப் பார்க்கலாம். சிவப்பு ஆனால் வீட்டார் உடனே கதவருகே வரவேண்டும். முன்பெல்லாம் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். இரைச்சல் என்று புகார் வந்ததால் திரைக்கு மாறியிருந்தார்கள். இளவேனிலின் கம்பெனியில் சஞ்சய் தலைமையிலான குழு செய்த திரை அது. அவள் வேறு குழு.

"அதுலயே பாத்துக்கிட்டிருந்தா போதுமா?" என்று அன்னம்மாள் கேட்டாள்.

"போதும்மா. எங்க ஆபீஸ்ல பண்ணதுதான்."

அதற்குப் பிறகு அன்னம்மாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் பட்டுக்கரை போட்ட பருத்திப் புடவையில் ஓர் அம்மாள், அவரும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் ருக்கு. மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவர். கணவர் சாமிநாதன் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இதய வால்வு மாற்றுகிறார்கள்.

"பையன் மஸ்கட்ல இருக்கான். ஃபாரத்துல அவன் நம்பர்தான் குடுத்திருக்கோம். எனக்கு ஃபோன்ல நிறைய தெரியாது பாருங்கோ," என்றார். தனியாக வந்திருக்கிறாரே என்று அன்னம்மாள் தான் கொண்டுவந்த இட்லியில் இரண்டைப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தாள். அவர் கையில் வாங்கி வைத்துக்கொண்டார், சாப்பிடவில்லை.

நண்பகல் தாண்டியது. ஸ்னேஹா என்ற பெயர் பச்சையானது. அந்தப் பெண்ணின் கணவர் துள்ளி எழுந்து ஓடினார். பிறகு சாய்கிருஷ்ணா பச்சை. பிறகு இன்னும் சிலர். இவர்களில் பலரை இராஜமாணிக்கத்துக்குப் பிறகுதான் உள்ளே கொண்டு போனார்கள் என்பது இளவேனிலுக்கு நினைவிருந்தது. ஒவ்வோர் அறுவைக்கும் ஒவ்வொரு நேரம் ஆகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். கடைசியில் இரண்டு பெயர்கள் மட்டும் அசையாமல் மஞ்சளில் நின்றன. எம்.இராஜமாணிக்கம். கே.வி.சாமிநாதன்.

அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத் திடீரென்று ஒன்று கண்ணில் பட்டது. இந்த இரண்டு பெயர்களில்தான் இனிஷியல் இருந்தது. இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி இருந்தது.

பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தாள். திரைக்கான நிரலைத் தேடித் திறந்தாள். பயந்தபடிதான் இருந்தது. உள்ளே இருப்பவர்கள் ஒருவரின் நிலையை மாற்றினால், அந்தப் பெயரை அப்படியே எடுத்து, இந்தப் பெயருக்கு இந்த நிறம் என்று நடைத்தாளில், அதாவது திரையின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பில், ஒரு வரி உருவாகிறது. ஆனால் நடைத்தாளில் புள்ளிக்கு வேறு வேலை உண்டு. புள்ளிக்குப் பின்னால் வருவதை அது ஒரு வகுப்பின், அதாவது ஒரு தொகுதியின், பெயர் என்று எடுத்துக்கொள்ளும். எம்.இராஜமாணிக்கம் என்று எழுதினால், இராஜமாணிக்கம் என்ற வகுப்பைச் சேர்ந்த எம் எங்கே என்று தேடும். அப்படி யாரும் இல்லை. பிழைச் செய்தியும் வராது. பேசாமல் விட்டுவிடும். இது பெயரில் உள்ள வெறும் புள்ளி என்று சொல்வதற்கு அதன் முன்னால் பேக்ஸ்லாஷ் என்ற சாய்கோடு ஒன்றைப் போடவேண்டும். அதைப் போடவில்லை.

சஞ்சயைக் கூப்பிட்டாள்.

"ஐயோ," என்றான் அவன், கேட்டு முடித்ததும். "நாங்க டெஸ்ட் பண்ணப்போ எல்லாம் ராகுல், பிரியான்னுதான் போட்டுப் பாத்தோம் இளா. இனிஷியல் யோசிக்கவே இல்ல."

"இப்ப மாத்து சஞ்சய். ஒரே வரி. என் அப்பா உள்ள இருக்காரு."

"மாத்திடுவேன். ஆனா லைவ்ல போடணும்னா ஹாஸ்பிடல் ஐ.டி. அப்ரூவ் பண்ணணும். அவங்க சிஸ்டத்துல நாமளா கை வைக்க முடியாது. ஞாயித்துக்கிழமை தவிர வேற நாள்ல விடவும் மாட்டாங்க. நான் கேட்டுப் பாக்கறேன்."

"ஞாயித்துக்கிழமையா?"

"கேட்டுப் பாக்கறேன்னு சொல்றேன்ல."

அவள் வரவேற்பு மேசைக்குப் போனாள். அங்கே கன்னடம் கலந்த தமிழ் பேசும் சந்திரம்மா என்பவர் இருந்தார். திரையில் கோளாறு என்று இளவேனில் சொன்னதும் அவர் தன் கணினியைத் திருப்பிக் காட்டினார். அதிலும் அதே பக்கம், அதே மஞ்சள்.

"நோடி மேடம், எனக்கும் அதேதான் வருது. ஆபரேஷன் நடீத்தா இதே, நடந்துட்டே இருக்கு."

"இல்ல மேடம், உள்ள கலர் மாத்தியிருப்பாங்க. இங்க காட்டல. உள்ள ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்க."

சந்திரம்மா போட்டார். யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். "உள்ளே யாரும் எடுக்கமாட்டாங்க மேடம். அதுக்குத்தானே போர்டு வெச்சிருக்கு."

"அப்ப பேர்ல இருக்கற புள்ளிய மட்டும் எடுத்துடுங்க. எங்கப்பாவுக்கும் அந்த ஆன்ட்டி வீட்டுக்காரருக்கும். சரியாயிடும்."

"இன்ஷூரன்ஸுக்குப் போயிருக்கு. பேரு லாக் ஆகிடுச்சு. நான் தொட்டா கிளெய்ம் நின்னுபோகும்."

திரும்பி வந்து ருக்குவிடம் விளக்கினாள். நீங்களும் வந்து கேட்டால் ஒருவேளை மேலே யாரிடமாவது பேசுவார்கள் என்றாள். ருக்கு பயந்துபோனார்.

"பேரை மாத்தறதா? வேண்டாம்மா. ஆதார், பாலிசி எல்லாத்துலயும் கே.வி.சாமிநாதன்தான். ஒத்துக்கலேன்னா நான் எங்கே போவேன்? எல்லாம் சரியா நடக்கும். மஞ்சள்னா நடந்துண்டிருக்குன்னுதானே அர்த்தம்?"

"அது நிஜமான மஞ்சள் இல்ல ஆன்ட்டி."

ருக்கு அவளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். சுவரில் இருக்கும் அத்தனை பெரிய திரையையா, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண்ணையா, எதை நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. திரையையே நம்பினார்.

இளவேனில் அறுவை அரங்கின் கதவுக்குப் போனாள். காவலாளி கையை நீட்டி மறித்தார். பச்சையோ சிவப்போ இல்லாமல் விட்டால் தன் வேலை போய்விடும் என்றார். அவள் குரலை உயர்த்தினாள். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்னம்மாள் வந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "சண்டை போடாதடி. நம்ம ஆளு உள்ள இருக்காரு. அவங்க கோபத்தை அவருமேல காட்டிடப் போறாங்க."

மறுபடி உட்கார்ந்தார்கள். மடியில் அந்த வரி திறந்தே கிடந்தது. அவளுடைய கணினியில் திருத்தினாள். சோதித்துப் பார்த்தாள். அங்கே இராஜமாணிக்கம் அழகாகப் பச்சையானார். சுவரில் மஞ்சளாகவே இருந்தார். சஞ்சயிடமிருந்து செய்தி வந்தது. ஐ.டி. மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார், மெயில் போட்டிருக்கிறேன்.

கதவு தானாகத் திறந்தபோது சாயங்காலம். நோரா என்ற நர்ஸ் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். "சாமிநாதன் அட்டெண்டர் யாரு? சிவப்பு போட்டு எவ்ளோ நேரமாச்சு! யாருமே வரலையே! அந்த நம்பருக்கு அடிச்சா எடுக்கவும் இல்ல!"

ருக்கு எழுந்தார். கையிலிருந்த இட்லிப் பொட்டலம் கீழே விழுந்தது. "மஞ்சள்தானேம்மா இருக்கு," என்றார் நோராவிடம், திரையைக் காட்டி.

நோரா திரையைப் பார்த்தாள். அவரைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிப் போனாள். போகும்போதே இளவேனிலிடம், "இராஜமாணிக்கம் நீங்களா? அவரு எப்பவோ ஐ.சி.யூ. வந்துட்டாரு. போய்ப் பாருங்க," என்றாள்.

அப்பா நன்றாக இருந்தார். மயக்கம் தெளிந்து, "எங்கடி போயிட்டீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டார். அன்னம்மாள் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமிநாதன் செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார். பக்கத்தில் ருக்கு. அறுவை முடிந்து அவருக்கு நினைவு வந்ததாகவும், மூச்சு திணறியதாகவும், குழாய் பொருத்துமுன் மனைவியைப் பார்க்கவேண்டும் என்று கேட்டதாகவும், அதற்காகத்தான் சிவப்பு போட்டுக் காத்திருந்ததாகவும், அதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை என்றும் நோரா பின்னால் சொன்னாள்.

அவர் மறுபடி கண் திறக்கவில்லை. மகன் கேசவ் மஸ்கட்டிலிருந்து வந்து சேர்ந்த அன்று இறந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை திருத்தம் ஏறியது. கம்பெனி மருத்துவமனைக்கு அனுப்பிய குறிப்பில், சிறிய காட்சிப் பிழை ஒன்று சரிசெய்யப்பட்டது என்று இருந்தது. அந்த வாக்கியத்தை மாற்றச் சொல்லி இளவேனில் சஞ்சயிடம் மன்றாடினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "லீகல்ல பாத்து அனுப்பினது இளா. வெளிய யார்கிட்டயும் பேசாத, ப்ளீஸ்," என்றான். அவன் கண்களும் கலங்கியிருந்தன.

காரியமெல்லாம் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, ஒரு மாலையில் அவள், மருத்துவமனையில் வாங்கி வைத்திருந்த எண்ணில் ருக்குவைக் கூப்பிட்டாள்.

"கேசவ் என்னோட பேசறதே இல்லம்மா," என்றார் ருக்கு. "கண்ணு முன்னாடி போர்டு இருந்ததே, என்ன பாத்துண்டிருந்தேன்னு கேக்கறான். நடுவுல ஒரு தடவை காப்பி குடிக்கப் போனேன். அப்பத்தான் சிவப்பு வந்துட்டுப் போயிடுத்தோ என்னமோ."

"இல்ல ஆன்ட்டி. சிவப்பு வரவே இல்ல. நான் அங்கதான் இருந்தேன். தப்பு போர்டுல. எங்க கம்பெனி தப்பு."

"இதை நீயே அவன்கிட்ட சொல்றியா?"

ஃபோன் கை மாறியது. சட்டம், கம்பெனி எல்லாம் இளவேனிலுக்கு அந்த நேரம் நினைவில்லை. இனிஷியல், புள்ளி, அதன் முன்னால் போட மறந்த பேக்ஸ்லாஷ் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நம்பும்படியாக இல்லை.

கேசவ் பொறுமையாகக் கேட்டார்.

"பேர்ல புள்ளி இருந்ததால கலர் மாறலையா?"

"ஆமா சார்."

"அம்மா அழறதைப் பாத்து ஏதாவது சொல்லணும்னு நினைக்கறேள். புரியறது. ஆனா இப்படியெல்லாம் கதை வேண்டாம். அன்னிக்கு அம்மாவுக்குத் துணையா இருந்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ்."

"சார், இது கதை இல்ல. ஒரு நிமிஷம்..."

இணைப்பு அறுந்திருந்தது. மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.