வியாழக்கிழமை தெற்கே சூலம்

சத்யபிரியா திருச்செங்கோட்டில் யாத்திரை டிராவல்ஸ் நடத்துகிறவள். மற்றவர்கள் ஏசி பஸ், மூன்று வேளை சாப்பாடு என்று நோட்டீஸ் அடித்தால், இவள் "சூலம் பார்த்துத்தான் வண்டி கிளம்பும்" என்று அடித்தாள். எந்தக் கிழமையில் எந்தத் திசைக்குப் பயணம் ஆகாது என்பதுதான் சூலம். தினசரிக் காலண்டரிலேயே போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் எங்கள் பக்கத்துச் சனம் சம்பந்தம் பேசக்கூடப் புறப்படாது. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

பிறகு கொரோனா வந்தது. அவள் காசிக்கு அனுப்பிய கூட்டம் அங்கேயே மாட்டிக்கொண்டது. ரயில் கிடையாது, பஸ் கிடையாது, சத்திரமே கதி. அந்தக் கூட்டத்தில் ஜேடர்பாளையத்து மயிலம்மாளும் இருந்ததுதான் சத்யபிரியாவுக்குப் பெரிய கவலை. அந்தம்மாவுக்குச் சர்க்கரை. கையிலிருந்த இன்சுலின், உடனே கிளம்பினால் ஊர் வந்து சேரும் வரைதான் தாங்கும். அங்கே எந்தக் கடையிலும் அது கிடைக்கவில்லை. அதிகாரிகளின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒரு பஸ்ஸுக்கு அனுமதி வாங்கினாள். வியாழக்கிழமை காசியை விட்டுக் கிளம்பியாக வேண்டும். தவறினால் அனுமதி போச்சு.

வியாழன் மத்தியானம் மயிலம்மாளின் வீட்டுக்காரர் தங்கசாமி போன் செய்தார்.

"ஏனுங்கம்மிணி, அல்லாரும் ஏறியாச்சுங்க. எங்கூட்டுக்காரி மட்டும் ஏற மாட்டீங்கறா. இன்னைக்குத் தெக்க சூலமாமுங்க."

சத்யபிரியா காலண்டரைப் பார்த்தாள். கிழவி சொன்னது சரிதான். நோட்டீஸ் அடித்த தன் புத்தியை நொந்துகொண்டு, "போனை அவங்ககிட்டக் குடுங்க" என்றாள்.

"நீதான சாமி சொன்ன, சூலத்துல பொறப்படக் கூடாதுன்னு?" என்றாள் மயிலம்மாள். குரலில் தெம்பே இல்லை. பிடிவாதத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

சத்யபிரியா மேஜைமேல் கிடந்த அனுமதிச் சீட்டை எடுத்து, பஸ் போகும் வழியை இன்னொரு முறை படித்தாள்.

"அம்மா, பஸ் இன்னைக்குத் தெக்கால போகலீங்க. மேக்கால பிரயாகைக்குப் போகுது. அங்க தங்கிட்டு, நாளைக்கு விடிஞ்சப்புறந்தான் தெக்கால திரும்புது. வெள்ளிக்கிழமை தெக்க சூலம் இல்லீங்க."

"அப்பச் செரி சாமி" என்றாள் மயிலம்மாள். அடுத்து பஸ் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் நாமக்கல் வந்து, தனிமை முகாமாக்கியிருந்த கல்லூரி விடுதியில் நின்றது. நர்ஸ் முதல் வேலையாக மயிலம்மாளுக்கு ஊசி போட்டாள். கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்று அதைப் பார்த்த பிறகுதான் சத்யபிரியாவுக்கு மூச்சே வந்தது.

"இப்பத் திருப்திங்களாம்மா? சூலத்துல சிக்காமக் கூட்டியாந்துட்டேனுங்க" என்றாள்.

மயிலம்மாள் சிரித்தாள். "சூலங் கெடக்குது சாமி. பரவால்ல, ஏறுங்கன்னு நீ சொல்லியிருந்தாலும் ஏறியிருப்பேன். எங்களை அனுப்பி வெச்சவ நீ. உன்ற வாயில ஒரு வார்த்தை வரோணும்னுதான் ஒக்காந்திருந்தேன்."

முகக்கவசம் நனைய நனைய சத்யபிரியா அழுதாள்.