விளக்கேற்றும் முன்

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலைகளில் வாவிக்கரை வீதியை வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள். ஜூஸ் கடைகளும் கொத்துரொட்டிக் கடைகளும் மேசைகளை வீதிக்கே இறக்கிவிடும். பாசிக்குடா ஹோட்டல்களில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் வேன்களில் வந்து இறங்குவார்கள். மேடையில் ரொக் இசை. கட்டணம் இல்லை. இதுவரை ஒன்றையும் நான் தவறவிட்டதில்லை. இசை ஞானம் ஏதும் எனக்கு இல்லை. அவ்வளவு சத்தத்துக்குள் யாரும் என்னோடு பேச முடியாது என்பதுதான் காரணம். வாவியோரக் கம்பியில் சாய்ந்துகொண்டு, ஒரு சொல்லும் பேசாமல், ஆட்களுக்கு நடுவே நிற்கலாம்.

இம்முறை அப்படி நிற்க முடியவில்லை. என் அறையில் தங்கியிருக்கும் நிஸ்தார், 'அலையாத்தி' குழுவில் கிற்றார் வாசிக்கிறவன். அவனுடைய வாப்பா முகைதீன்பாவா ஓட்டமாவடியிலிருந்து வந்திருந்தார். அங்கே அவருக்கு ஹாட்வெயார் கடை. மகன் கடைக்கு வரவேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் தகப்பனும் மகனும் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். அவனே எழுதி இசையமைத்த பாட்டை வாப்பா ஒரு தடவை நேரில் கேட்பார். பிடித்தால் அவன் பட்டினத்திலேயே இருக்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கடை.

"மச்சான், வாப்பாவப் பாத்துக்க. கடைசி பஸ்ஸுக்கு முன்னுக்கு அவர் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு நிஸ்தார் மேடைக்குப் போனான்.

மஃரிப் தொழுதுவிட்டு முகைதீன்பாவா வந்தார். வெள்ளைச் சாரம், இஸ்திரி போட்ட சேட். பிளாஸ்ரிக் கதிரையை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய சோபாக்கள் வெறுமையாகக் கிடந்தன. பிரதம அதிதி வரவில்லை. அவர் வந்து விளக்கேற்றாமல் எங்கள் ஊரில் எதுவும் தொடங்காது, ரொக் இசையும்கூட. மேடையில் குத்துவிளக்கு திரியோடு காத்திருந்தது. அறிவிப்பாளர் அருமைநாயகம், "இன்னும் சொற்ப வேளையில்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"பிரதம அதிதி என்ன, தோணியிலயா வாறார்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"தோணியெண்டா இதுக்குள்ள வந்திருப்பார்டா" என்றது இன்னொரு குரல்.

முகைதீன்பாவா சிரித்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நிஸ்தாரும் மேடையிலிருந்து அதைப் பார்த்திருக்க வேண்டும். அருமைநாயகத்திடம் போய்க் குனிந்து ஏதோ கெஞ்சினான். ஒலிவாங்கி திறந்தே இருந்ததால் பதில் எல்லோருக்கும் கேட்டது.

"விளக்கேத்தாமப் பாட்டா? என்ட தலைய வாங்கவா தம்பி பாக்கிறீங்க? வேணுமெண்டா சவுண்ட் டெஸ்ட் பண்ணுங்க. அதுக்கு ஆரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க."

நிஸ்தார் தன் இடத்துக்குத் திரும்பினான். பிறகு ட்ரம்ஸுக்குப் பின்னால் இருந்த தக்ஷாயினியைப் பார்த்துத் தலையசைத்தான். "ஹலோ, ஹலோ, டெஸ்டிங்" என்றான். அதன்பின் தன் பாட்டைத் தொடங்கினான்.

அந்தப் பாட்டை அறையில் பலமுறை கேட்டிருக்கிறேன். தொடக்கம் முதல் கடைசி வரை, ஒரு சொல்லும் விடாமல் பாடினான். குரல் ஓரிடத்தில் உடைந்து மறுபடி சேர்ந்தது. ஒருவரும் மேடையைப் பார்க்கவில்லை. டெஸ்டிங்கை யார் கேட்பார்கள்? ஆட்கள் ஐஸ்கிரீம் வாங்கப் போனார்கள், கதிரைகளை இழுத்துப் போட்டார்கள். வெள்ளைக்காரர்கள் மட்டும் ஆடினார்கள். அவர்களைப் பார்த்து நம் ஆட்கள் சிரித்தார்கள்.

பாட்டு பாதியில் இருக்கும்போது முகைதீன்பாவாவின் போன் அடித்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "சீமெந்து லொறி வந்திட்டா? பின்னுக்கு இறக்கச் செல்லுங்க! பின்னுக்கு!" என்று கத்தினார். நான் அவர் கையைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை. மற்றவர்கள் பேசும்போது இடையில் புகும் பழக்கம் எனக்கு இல்லை.

பாட்டு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. நிஸ்தார் எங்கள் பக்கம் பார்த்தான். அவர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ் நிலையம் வரைக்கும் அவரோடு நடந்தேன்.

"பாட்டக் கேக்காமப் போறன் தம்பி. அவன் கோவிக்கப்போறான்."

பேசாமலே அவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட முடியும். கேட்டுவிட்டார், பிடிக்கவில்லை என்று நிஸ்தார் நினைத்துக்கொள்வான். கேட்கவே இல்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். திங்களன்று அவன் கடையில் இருப்பான். ஓட்டமாவடி பஸ் இயந்திரத்தை முடுக்கியது.

"மாமா, அதுதான் அவன்ட பாட்டு."

"எது?"

"டெஸ்டிங் எண்டு பாடினது. நீங்க கேக்கணும் எண்டுதான் முந்திப் பாடினவன்."

மிதிபலகையில் ஒரு காலை வைத்தபடி நின்றார். நடத்துநர், "ஏறுங்க ஹாஜியார், வெத்திலை வைக்கணுமா?" என்றான். அவர் அவனைப் பார்க்கவில்லை.

"நான் சீமெந்துக் கதையத்தானே கதைச்சிட்டு இருந்த" என்றார். பிறகு, "பாட்டுக் கூடாதெண்டு செல்லவும் ஏலா, நல்லமெண்டு செல்லவும் ஏலா. கேக்காத பொருளுக்கு என்னத்தச் செல்லுற?"

ஏறி, ஜன்னலோரம் இருந்துகொண்டு தலையை வெளியே நீட்டினார்.

"அடுத்த மாசமும் வைப்பாங்களா?"

"ஓம் மாமா."

"அப்ப அதுவரைக்கும் கடைக்கு வரவேணாமெண்டு செல்லுங்க. மறுகா நான் வாறன். போன வீட்டில வெச்சிட்டு வாறன்."

திரும்பி வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சோபாவில் பிரதம அதிதி மாலையோடு இருந்தார். உரைகள் முடிந்து, நிஸ்தார் அதே பாட்டை இரண்டாம் முறை பாடிக்கொண்டிருந்தான். இப்போது எல்லோரும் கேட்டார்கள். சிலர் போன் விளக்குகளை உயர்த்தி ஆட்டினார்கள். அவன் பார்வை வெறும் கதிரைக்கு வந்து வந்து போனது. பாட்டில் உயிர் இல்லை.

மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அங்கே ஸ்பீக்கரின் அதிர்வு நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கியது. என்னைக் கண்டு அவன் புருவத்தை உயர்த்தினான். வாப்பா சொன்னதைச் சொல்ல வாயைத் திறந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முதல் தடவையாக அந்தச் சத்தம் சீக்கிரம் முடிந்தால் நல்லது என்று பட்டது.