பின்னறையில் அசைவில்லை

புதுவீட்டுச் சுவர்களில் இன்னும் பூச்சு ஏறவில்லை. சாம்பல் நிறச் சீமெந்துக் கற்களின் மேல் ஹிதாயா வெண்கட்டியால் குறி போட்டுக்கொண்டே வந்தாள். சுவிட்ச் வரவேண்டிய இடத்தில் ஒரு சதுரம். ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சர் வரவேண்டிய இடத்தில் ஒரு வட்டம். அவளுக்குப் பின்னால் வயரிங் மேஸ்திரியான சவிரிமுத்து பாஸ், காதில் செருகிய பென்சிலோடு, எந்தக் குறிக்கு எந்தக் குழாய் என்று பார்த்துக்கொண்டு வந்தார்.

"எல்லாச் சுவிட்சுக்கும் ஒரு வயர் கூடப் போடச் சொல்றீங்க டீச்சர். இந்தக் கரையில நான் வயரிங் செய்யாத வீடு குறைவு. சுவிட்ச் பெட்டிக்குள்ள நியூட்ரல் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

"வீடு தானா லைட்டைப் போடணும் எண்டா, பெட்டிக்குள்ள இருக்கிற சின்னச் சாமானுக்கும் கரண்ட் வேணுமே பாஸ். அது எந்த நேரமும் முழிச்சிக்கொண்டு இருக்கணும்."

"அப்ப நித்திரையே கொள்ளாத வீடு எண்டு சொல்லுங்க."

ஹிதாயா சிரித்தாள். கூடம், குசினி, படுக்கையறைகள் எல்லாம் முடிந்து பின்னறைக்கு வந்தார்கள். சின்ன அறை. ஒற்றை ஜன்னல். கதவோரம் ஒரு சதுரம் போட்டுவிட்டு அவள் வெண்கட்டியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இதுக்கு வட்டம் இல்லையா? முதலாளி எல்லா அறைக்கும் எண்டுதானே சொன்னவர்."

"பிறகு சொல்றன் பாஸ்."

"திங்கக்கிழமை மேசன்மார் பூச்சுக்கு வாறாங்க. பூசினதுக்குப் பிறகு சுவரை வெட்டச் சொன்னா நான் வரமாட்டன். இப்பவே சொல்லிட்டன்."

எல்லா அறைக்கும் என்று சொன்னவன் அவளுடைய கணவன் முஆஸ். முந்தலில், கடல்நீர் தேங்கும் களப்போரம் அவனுக்கு இறால் பண்ணை. இறால் வளரும் மாதங்களில் பெரும்பாலான இரவுகளை அங்குள்ள குடிலிலேயே கழிப்பான். பாடசாலையில் கணினி படிப்பிக்கும் ஹிதாயாதான், காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, அவனுடைய குளங்களுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தாள். தண்ணீருக்குக் காற்றுக் கலக்கும் சக்கரத்தில் ஒரு காந்தம். சக்கரம் சுற்றச் சுற்ற முஆஸின் ஃபோனில் பச்சைப் புள்ளி. சக்கரம் நின்றால் ஃபோன் சைரன் மாதிரிக் கத்தும். ஒரு இரவு சக்கரம் நின்றுபோய் அவன் நித்திரையாகிவிட்டால், விடியுமுன் ஒரு குளமே செத்துப்போகும்.

அந்தப் பச்சைப் புள்ளிகள் முஆஸுக்குப் பெரிய நிம்மதி. புதுவீட்டுக்கு அத்திவாரம் வெட்டிய நாளிலேயே அவன் சொல்லிவிட்டான்: "ஊட்டையும் அப்பிடிச் செய்ங்க ஹிதாயா. ஃபோன்ல குளத்துப் புள்ளிக்குக் கீழ ஊட்டுப் புள்ளி. எந்த அறையில ஆள் இருக்கு, எல்லாம் சரியா இருக்கு எண்டு நான் அங்க இருந்தே பாத்துக்கொள்றன்."

அவன் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. போன நோன்பில் ஒரு நாள், இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரம், அவர்களோடு வசிக்கும் அவனுடைய ராத்தா, மூத்த சகோதரி ரம்ஸியா, இரத்தத்தில் சீனி குறைந்து குசினியில் விழுந்துவிட்டாள். நினைவு தப்பவில்லை. எழும்ப முடியவில்லை, குரலும் வெளியே போகவில்லை. நடுப்பகல் லுஹர் நேரம் விழுந்தவள், பக்கத்து வீட்டு மர்ளியா நோன்புக் கஞ்சி கொண்டுவரும்வரை அலுமாரியின் கால்களைப் பார்த்தபடி கிடந்தாள். அதற்குப் பிறகு முஆஸ் பண்ணையிலிருந்து நாளுக்கு நாலு தடவை வீட்டுக்கு ஃபோன் எடுத்து விசாரித்தான்.

அப்படிப்பட்டவனிடம், ஒரு அறையை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள் என்று எப்படிக் கேட்பது? ஏன் என்பான். ஏன் என்பதற்கு அவளிடம் ஒழுங்கான விடை இல்லை.

பின்னேர அஸர் தொழுகைக்கும் பொழுதுபட்டதும் தொழும் மகரிபுக்கும் நடுவில் ஹிதாயா கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்னறையில், ஜன்னலோரக் கதிரையில். ஓதுவதில்லை, வாசிப்பதில்லை, அழுவதுமில்லை. போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து குடும்பம் துரத்தப்பட்டபோது அவளுக்கு நாலு வயது. வளர்ந்தது அகதி முகாமில். தென்னங்கிடுகுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம். அங்கே யாரும் பொல்லாதவர்கள் இல்லை. ஆனால் அவள் என்ன செய்தாலும் அதைப் பார்க்க ஒரு கண் இருந்தது. ஏன் மூஞ்சி சுருங்கியிருக்கு என்று கேட்க ஒரு வாய் இருந்தது. கேள்விக்கு விடை சொல்லிச் சொல்லி, தனக்கென்று எதை நினைப்பது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இந்தக் கதிரையில்தான் அது திரும்பக் கிடைத்தது. இதை முஆஸிடம் சொன்னால் அவனுடைய அன்பைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடாதா? அந்தப் பயத்தில்தான் வட்டம் போடாமலும், போடமாட்டேன் என்று சொல்லாமலும் நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை, பழகிப் பார்க்கட்டும் என்று, கையிலிருந்த ஒரேயொரு சென்சரை வாடகை வீட்டுக் கூடத்தில் மாட்டினாள். புதிதாக எழுத நேரமில்லை. பண்ணைக்கு எழுதிய புரோகிராமை அப்படியே படியெடுத்து, தண்ணீரின் உப்பு, ஒட்சிசன் அளவு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அசைவை மட்டும் வைத்துக்கொண்டாள். அசைவு இருந்தால் லைட் எரியும். கொஞ்ச நேரம் அசைவில்லையென்றால் அணையும்.

மகரிபுக்கு ரம்ஸியா கூடத்தில் தொழுகைப் பாயான முஸல்லாவை விரித்தாள். அவளுக்கு அவசரத் தொழுகை பிடிக்காது. சுஜூதில் நெற்றியை வைத்தால் ஊரிலுள்ள எல்லோருக்காகவும் கேட்டுவிட்டுத்தான் எடுப்பாள். அப்படி நெற்றி தரையில் இருந்தபோது லைட் பட்டென்று அணைந்தது. தலை எடுத்ததும் எரிந்தது. கடைசி இருப்பில் மறுபடியும் அணைந்தது. சலாம் கொடுக்க முகத்தைத் திருப்பியபோது திரும்ப எரிந்தது.

"ஹிதாயா! இஞ்ச வா புள்ள."

"என்ன மதினி?"

"நான் உசிரோடதான் இருக்கன் எண்டு ஒன்ட மெசினுக்குக் கைய ஆட்டிக் காட்டணுமா? தொழுகைக்குள்ள கைய ஆட்ட ஏலாதே. வேணுமெண்டா அதுக்கும் ஒரு முஸல்லா போடு, பக்கத்தில நிண்டு தொழட்டும்."

"மன்னிச்சிக்கங்க மதினி. ஆடாத ஆள அதுக்குத் தெரியாது."

"ஆடாத ஆள மனுசனுக்கே தெரியாது. மெசின ஏசி என்ன?" ரம்ஸியா முஸல்லாவை மடித்துக்கொண்டு எழும்பினாள்.

ஹிதாயா லைட் எரியும் நேரத்தைக் கூட்டி வைத்தாள். மதினி போகிறபோக்கில் சொன்னது மட்டும் காதிலேயே நின்றது.

சனிக்கிழமை ரம்ஸியா வண்ணாத்திவில்லுக்கு, மகள் ஸம்ஹா வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு வெறுமையாக இருந்தது. ஹிதாயாவுக்கு ஒரு யோசனை வந்தது. சென்சரைக் கூடத்திலிருந்து கழற்றிப் பின்னறையில் மாட்டினாள். புரோகிராமில் 'கூடம்' என்று இருந்ததைப் 'பின்னறை' என்று மாற்றினாள். அவள் சும்மா இருக்கும் நேரம் மெசினின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று அவளுக்குப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒருவேளை அதில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். அப்படியென்றால் முஆஸ் பார்த்தாலும் என்ன, வட்டத்தைப் போட்டுவிடலாம்.

அஸர் தொழுதுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். களப்பிலிருந்து வந்த காற்று ஜன்னல் கம்பிக்கு வெளியே முருங்கை இலைகளை உலைத்தது. முதலில் சென்சரின் நினைவு முதுகில் குறுகுறுத்தது. பிறகு மறந்துபோனது. மனம் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, வழக்கமாகப் போய் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

முன்கதவு சுவரில் மோதிய சத்தத்தில் அவள் திடுக்கிட்டாள்.

"ஹிதாயா! ஹிதாயா!"

முஆஸ் அறை வாசலில் நின்றான். முழங்கால்வரை சேறு. ஒரு காலில்தான் செருப்பு. ஹெல்மட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன? மதினிக்கு ஏதாச்சுமா?"

"எனக்கிட்டக் கேக்கிறீங்களா? ஒங்களுக்கு என்ன? ஃபோன் எங்க?"

"குசினியில சார்ஜ்ல. ஏன்?"

அவன் தன் ஃபோனை நீட்டினான். குளங்களின் பச்சைப் புள்ளிகளுக்குக் கீழே சிவப்பெழுத்து: 'பின்னறை: அசைவில்லை.' அதற்குக் கீழே அதே வரி. அதற்கும் கீழே அதே வரி.

அவளுக்கு விளங்கிவிட்டது. குளத்தின் புரோகிராமிலிருந்து எல்லாவற்றையும் அழித்தவள், சக்கரம் நின்றால் முஆஸைக் கூப்பிடு என்ற கட்டளையை அழிக்க மறந்திருந்தாள். பகலில் ரம்ஸியா கூடத்தில் ஓயாமல் நடந்து திரிந்ததாலும், இரவில் படுக்குமுன் ஹிதாயா சென்சரை நிறுத்தி வைத்ததாலும் அது அதுவரை வாய் திறக்கவில்லை.

ஹிதாயாவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

"நீங்க விழுந்து கிடக்கிறீங்க எண்டு நினைச்சிக்கொண்டு வந்தன்," என்றான். "எத்தினை தரம் ஃபோன் எடுத்தன். பதில் இல்ல."

"நேத்து ஸ்கூல்ல சைலண்ட்ல போட்டது. எடுக்க மறந்திட்டன். அல்லாவே, மன்னிச்சிக்கங்க."

அவன் ஹெல்மட்டைக் கழற்றிவிட்டு, கதிரைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அப்ப, என்ன செஞ்சிக்கொண்டு இருந்தீங்க?"

"சும்மா இருந்தன்."

"சும்மா எண்டா?"

"சும்மா எண்டா சும்மாதான். ஒவ்வொரு நாளும் இந்த நேரத்தில இருப்பன்."

முஆஸ் அறையைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். "இவ்வளவு வருசமா எனக்குத் தெரியாதே."

"நீங்க கேக்கல்ல. நானும் சொல்லல்ல."

"என்னில ஏதும் கோவமா?"

"கோவம் எண்டா குசினியில சட்டிபானைச் சத்தம் கேக்கும். ஒங்களுக்குத் தெரியாததா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஆறுமுன் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னாள். "புதுவீட்டில பின்னறைக்கு இது வாணாம். மத்த எல்லா அறையிலயும் போடுறன். அங்க மட்டும் வாணாம்."

"ஏன்?"

அவள் பயந்திருந்த கேள்வி. ஆனால் வந்தபோது அது அவ்வளவு பெரிதாக இல்லை.

"நான் அசையிறனா இல்லையா எண்டு யாரும் பாக்காத இடம் ஒண்டு எனக்கு வேணும். முகாம்ல இருந்தே வேணும்."

முஆஸ் கால் சேற்றை நகத்தால் சுரண்டினான். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு இலேசாக இருந்திருக்கும்.

"அப்ப ஏதாச்சும் ஆனா எனக்கு எப்பிடித் தெரியும்?"

"சக்கரம் நிண்டா இறால் வந்து ஒங்களுக்குச் சொல்லாது. நான் சொல்லுவன்."

"ராத்தா சொன்னாவா அண்டைக்கி?"

இருவரும் இருந்த இடத்திலேயே அசையாமல் இருந்தார்கள். முருங்கை இலைகளில் வெயில் மஞ்சளாகியது. அவன் நினைவு குசினித் தரையில் கிடந்த ராத்தாவிடம் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும் அங்கேதான் போயிருந்தாள். மதினி அன்று எதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்? அலுமாரிக் கால்களை. சுவிட்சுகள் எல்லாம் தலைக்கு மேலே எங்கேயோ இருந்தன.

முஆஸின் கையில் ஃபோன் கத்தியது. இருவரும் துள்ளினார்கள்.

'பின்னறை: அசைவில்லை.'

"ரெண்டு பேர் இருக்கிறம்," என்றான் முஆஸ். "பாருங்க இத."

அவன் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சத்தத்தை நிறுத்தி ஃபோனைத் தரையில் கவிழ்த்து வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் புதுவீட்டுக்குப் போனார்கள். பின்னறைக்குள் வந்ததும் ஹிதாயா, "இஞ்சாருங்க, கொஞ்சம் படுங்களன்," என்றாள்.

"எங்க?"

"தரையில. மதினி விழுந்து கிடந்த மாதிரி."

அவன் அவளை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, பூசாத தரையில் பக்கவாட்டில் படுத்தான்.

"எழும்ப ஏலாது எண்டு நினைச்சிக்கொள்ளுங்க. இப்ப கைய நீட்டுங்க. சுவரில எங்க தொடுது?"

அவன் கையை நீட்டினான். விரல் நுனி தொட்ட இடம் நிலத்திலிருந்து ஒரு சாண்தான் இருந்தது. ஹிதாயா குனிந்து அந்த இடத்தில் ஒரு சின்னச் சதுரம் போட்டாள். அங்கே வரும் பொத்தானை அமத்தினால் பண்ணையில் முஆஸின் ஃபோன் கத்தும். அதே தெருவில் இருக்கும் மர்ளியா வீட்டில் மணி அடிக்கும். யாரும் அமத்தாதவரை அந்த அறையிலிருந்து ஒரு சேதியும் போகாது. புரோகிராமில் அதற்கு ஒரு வரி போதும்.

"நினைவு தப்பினா?" என்றான் அவன், படுத்தபடியே.

ஹிதாயா வெண்கட்டியை விரல்களுக்குள் உருட்டினாள். "அதுக்கு என்னட்ட ஒண்டும் இல்ல. நீங்க ஃபோன் எடுங்க. இனி சைலண்ட்ல போடமாட்டன்."

அவன் மல்லாந்து திரும்பினான். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு, "ராத்தாட அறைக்கும் குசினிக்கும் இதே மாதிரிக் கீழ ஒண்டு போடுங்க. அங்க வட்டமும் வேணும்," என்றான்.

"ஓம். போடுறன்."

குழாய்க் கட்டைத் தோளில் சுமந்து வந்த சவிரிமுத்து வாசலில் நின்றார். முதலில் தரையில் கிடந்த முதலாளியைப் பார்த்தார். பிறகு சுவரடியில் இருந்த சதுரத்தைப் பார்த்தார்.

"இதென்ன டீச்சர், பூனைக்கும் சுவிட்சா?"

"விழுந்த ஆளுக்கு பாஸ்."

அவர் குழாய்க் கட்டை இறக்கி வைத்தார். பென்சிலை எடுத்துச் சதுரத்தின் நடுவில் ஒரு கோடு கீறினார். மேற்சுவரை அண்ணாந்து பார்த்தார். "மேல?"

ஹிதாயா முஆஸைப் பார்த்தாள்.

"மேல ஒண்டும் இல்ல பாஸ்," என்றான் முஆஸ். "பூசச் சொல்லுங்க."

சவிரிமுத்து அடுத்த அறைக்குப் போய்ச் சுவரைக் கொத்தத் தொடங்கினார். முஆஸ் எழும்பி முதுகுத் தூசியைத் தட்டிக்கொண்டு ஜன்னலருகே வந்தான்.

"கதிரைய இந்தப் பக்கமா போடுவீங்க?"

"இல்ல, அந்தப் பக்கம். காத்து அங்கதான் விழும்."

"ரெண்டு போட இடம் இருக்கா?"

ஹிதாயா ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தைக் கண்ணால் அளந்தாள். இடம் தாராளமாக இருந்தது. அவள் அவசரப்படாமல் யோசித்தாள். அவன் காத்திருந்தான்.

"இருக்கு," என்றாள். "ஆனா கேட்டுட்டு வாங்க."